வணிகக் கட்டடத்துக்குச் சொத்து வரி: நோட்டீஸைப் படிப்பது முதல் முறையீடு வரை

நோட்டீஸ் வந்ததும் எல்லோர் கண்ணும் கடைசி வரிக்குத்தான் ஓடும்: கட்ட வேண்டிய தொகை, கெடு தேதி. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தத் தொகை வெறும் பெருக்கல் விடை. பெருக்கப்பட்ட எண்களில் ஒன்றான வரி விகிதத்தை உள்ளாட்சியோ அரசோ தீர்மானிக்கிறது. தனி உரிமையாளரால் அதை அசைக்க முடியாது. அசைக்க முடிவது இரண்டே. உங்கள் கட்டடத்தைப் பற்றி வரி அலுவலகம் எழுதி வைத்திருக்கும் பதிவு ஒன்று, அந்தப் பதிவிலிருந்து கணக்கிட்ட மதிப்பு இன்னொன்று. ஒரே சூத்திரத்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்களைப் போட்டு எடுப்பதால் இரண்டிலும் தவறு நுழைவது சகஜம். உழைப்பையெல்லாம் அங்கே போடுங்கள்.

முதலில், எதன் மேல் வரி என்று பாருங்கள்

உலகத்தில் பெரும்பாலான ஊர்கள் மூன்று அடிப்படைகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. கட்டடம் ஆண்டுக்கு ஈட்டக்கூடிய வாடகை முதலாவது. இங்கிலாந்தில் வணிகக் கட்டடங்களுக்கான வரியான பிசினஸ் ரேட்ஸ் இந்த வகை. சிங்கப்பூரில் குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு ஆண்டு மதிப்பில் 10% வரி. விற்றால் என்ன கிடைக்கும் என்ற மூலதன மதிப்பு இரண்டாவது. அமெரிக்க மாநிலங்கள், கனடா எல்லாம் இப்படித்தான். மும்பையும் 2010-இல் வாடகை அடிப்படையை விட்டு இதற்கு மாறியது. மூன்றாவது, பரப்பளவை ஓர் அலகு மதிப்பால் பெருக்கி, கட்டடத்தின் வயது, பயன்பாடு, அமைப்பு ஆகியவற்றுக்கான காரணிகளையும் சேர்த்துப் பெருக்குவது. 2004 முதல் டெல்லியில் இந்த முறை.

உங்கள் ஊர் எந்த வகை என்று தெரியாமல் வாதத்தைத் தொடங்காதீர்கள். பரப்பளவு முறையில் போய், வாடகை குறைந்துவிட்டது என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அங்கே சதுர அடியும் காரணிகளும்தான் பேசும். உரிமையாளரே அறிவிப்புப் படிவம் நிரப்பும் ஊராக இருந்தால் தவறு பெரும்பாலும் நம் கையெழுத்தில்தான் இருக்கும். குறைத்துக் காட்டியது பின்னால் பிடிபட்டால் வரியோடு அபராதமும் சேரும்.

மூலதன மதிப்பு முறையில் ஒரு கண்கட்டு உண்டு. சில இடங்களில் முழுச் சந்தை மதிப்பின் மேல் வரி போடுவதில்லை. அதில் ஒரு பங்கைத்தான் வரிக்குரிய மதிப்பாக எடுக்கிறார்கள். சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் வீடுகளுக்கு அந்தப் பங்கு 10%, வணிகக் கட்டடங்களுக்கு 25%. நோட்டீஸில் 2.5 கோடி என்று இருக்கிறது, நம் கட்டடம் 8 கோடி போகும், பரவாயில்லை என்று உரிமையாளர் பேசாமல் இருந்துவிடுவார். 2.5 கோடியை 25 சதவீதத்தால் வகுத்துப் பார்த்தால் 10 கோடி. அதாவது 2 கோடி அதிகமாக மதிப்பிட்டிருக்கிறார்கள். (தொகைகளை எந்த நாணயத்திலும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு மாறாது.)

பதிவு அட்டையை வாங்குங்கள்

நோட்டீஸோடு நிற்காமல், அதன் பின்னால் இருக்கும் மதிப்பீட்டு விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் இணையத்திலேயே கிடைக்கும். கட்டட வரைபடம், வாடகை ஒப்பந்தங்கள், அளவு நாடா ஆகியவற்றோடு உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகச் சரிபாருங்கள்.

முதலில் பரப்பளவு. கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் உள்ள தரைப்பரப்பு), பில்ட்-அப் (சுவர்களும் சேர்ந்தது), சூப்பர் பில்ட்-அப் (பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது) மூன்றும் வெவ்வேறு. விற்பனைப் பத்திரத்தில் இருந்த சூப்பர் பில்ட்-அப் எண்ணை அப்படியே எடுத்து, கார்பெட் ஏரியாவுக்கான விலையால் பெருக்கியிருந்தால் லாபி, படிக்கட்டு, லிஃப்ட் கிணறு எல்லாவற்றுக்கும் கடை விலை போட்டதாக ஆகும். நிலவறை வாகன நிறுத்தம், இடைத்தளம், ஜெனரேட்டர் அறை, மொட்டைமாடிக் கொட்டகை இவை தனி விலையில் இருக்கின்றனவா, பிரதான தளத்தோடு கலந்துவிட்டனவா என்றும் பாருங்கள். இடித்த பகுதி பதிவில் உயிரோடு இருப்பதும் சாதாரணம்.

கடைகளுக்கு எத்தனை சதுர அடி என்பது மட்டும் போதாது, எங்கே இருக்கும் சதுர அடி என்பதும் கணக்கு. தெருவை ஒட்டிய முகப்புக்குத்தான் மதிப்பு. உள்ளே போகப் போகக் குறையும். இங்கிலாந்தில் இதை வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள்: முகப்பிலிருந்து முதல் 6.1 மீட்டர் வரை முழு விலை, அடுத்த 6.1 மீட்டருக்குப் பாதி, அதற்கடுத்ததற்குக் கால். 6 மீட்டர் அகலமும் 18.3 மீட்டர் ஆழமும் உள்ள கடையின் மொத்தப் பரப்பு 109.8 சதுர மீட்டர். முழு விலைக்கு வருவது 36.6, அதன் பின்னால் 18.3, அதற்கும் பின்னால் 9.15, கூட்டினால் 64.05 சதுர மீட்டர்தான். ஆழமான கடைக்குச் சாதாரணப் பரப்பில் வாடகையைக் கணக்கிட்டுப் பக்கத்துச் சின்னக் கடையோடு ஒப்பிட்டால் ஏன் தப்பாகிறது என்பது இதிலேயே தெரியும். உங்கள் ஊரில் இந்த வாய்ப்பாடு இல்லாவிட்டாலும் இந்த வாதம் செல்லும்.

அடுத்து பயன்பாட்டு வகை. கீழே கடை, மேலே வீடு என்றால் இரண்டுக்கும் இரண்டு விகிதம். முழுக் கட்டடமும் வணிகம் என்று பதிவாகியிருந்தால் எழுதிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கட்டிய ஆண்டு, கட்டுமான வகை, ஏசி, லிஃப்ட் ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும். தப்பு இருந்தால் ஒரு கடிதத்தில் தீரும்.

ஹோட்டல், பெட்ரோல் பங்க், திரையரங்கம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அவர்களுடைய வருமானத்தில் ஒரு பகுதி பிராண்டும் நிர்வாகத் திறமையும் ஈட்டுவது. ஒரு பகுதி மேசை, நாற்காலி, குளிர்பதனப் பெட்டி ஈட்டுவது. இவை கட்டடம் அல்ல. சில நாடுகளில் அசையும் பொருளுக்குத் தனி வரியே இருக்கிறது. அங்கே ஒரே பொருள் இரண்டு பட்டியலிலும் ஏறிவிடலாம். காயலான் கடைக்குப் போன இயந்திரம் கணக்குப் புத்தகத்தில் இன்னும் நின்றுகொண்டு வரி கட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை சொத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்.

வருமானத்திலிருந்து மதிப்பு எடுக்கும் கணக்கு

வாடகைக்கு விட்ட கட்டடத்தின் மூலதன மதிப்பை மூன்று வழியில் எடுக்கலாம்: ஒத்த கட்டடங்களின் விற்பனை விலை, புதிதாகக் கட்டும் செலவில் தேய்மானம் கழித்தது, வருமானம். வணிகக் கட்டடத்துக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் கனமானது. புதிதாகக் கட்டும் செலவு என்ற வழி பழைய கட்டடங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மதிப்பீட்டாளர் அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் வருமானக் கணக்கை எடுத்து வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: வாடகைக்கு விடத்தக்க பரப்பு 20,000 சதுர அடி. சந்தை வாடகை ஆண்டுக்குச் சதுர அடிக்கு 600. எல்லாம் நிரம்பியிருந்தால் 1,20,00,000. காலியாகக் கிடப்பதற்கும் வாராக் கடனுக்கும் 10% கழித்தால் 1,08,00,000. காவல், பராமரிப்பு, காப்பீடு, நிர்வாகம் எல்லாம் சேர்ந்து 28,00,000. மிச்சம் 80,00,000 நிகர வருமானம். அந்தப் பகுதியில் முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கும் வருவாய் விகிதம், அதாவது கேப் ரேட், 8% என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 10 கோடி. வரி 1.5% என்றால் 15 லட்சம்.

இந்த எண்களில் சின்ன அசைவுக்குக்கூட விளைவு பெரிது. காலியிடத்தை 10 சதவீதத்துக்குப் பதில் 5% என்று போட்டால் நிகர வருமானம் 86 லட்சமாகி மதிப்பு 10.75 கோடிக்குப் போகும். அதோடு கேப் ரேட்டையும் 7.5 சதவீதமாக்கினால் 11.47 கோடி, வரி 17.2 லட்சம். இரண்டு அனுமானங்கள் மாறியதற்கு வருடம் 2.2 லட்சம் விலை. ஆகவே உங்கள் பகுதியில் உண்மையில் எத்தனை சதவீதம் காலி என்பதற்கு ஆதாரம் திரட்டுவது வீண் வேலை அல்ல.

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பல முறையீடுகளிலும் இதை யாரும் கவனிப்பதில்லை. 28 லட்சம் செலவில் சொத்து வரி இல்லை. வரியை உரிமையாளர் கட்டுகிறார் என்றால் அதுவும் செலவுதானே? ஆனால் அதை நேரடியாகக் கழிக்கவும் முடியாது: மதிப்பு தெரிந்தால்தான் வரி தெரியும், வரி தெரிந்தால்தான் மதிப்பு தெரியும். இந்தச் சுழலை உடைக்க வரி விகிதத்தைக் கேப் ரேட்டோடு கூட்டுவார்கள். 8 + 1.5 = 9.5%. 80 லட்சத்தை 9.5 சதவீதத்தால் வகுத்தால் 8.42 கோடி, வரி 12.63 லட்சம். சரிபார்க்கலாம்: 80 லட்சத்தில் 12.63 போனால் 67.37 லட்சம், அதை 8 சதவீதத்தால் வகுத்தால் அதே 8.42 கோடி. 10 கோடிக்கும் இதற்கும் வித்தியாசம் வருடத்துக்கு 2.37 லட்சம். மதிப்பில் ஒரு பங்குக்கு மட்டும் வரி என்றால், வரி விகிதத்தை அந்தப் பங்கால் பெருக்கிய பிறகு கூட்டுங்கள். வரி முழுவதையும் வாடகைதாரரே கட்டும் ஒப்பந்தமானால் காலியிடத்தின் பங்குக்கு மட்டுமே இந்தக் கூட்டல். இல்லாவிட்டால் இரண்டு முறை கழித்ததாகும், எதிர்த்தரப்பு உடனே பிடித்துவிடும்.

வாடகையை அடிப்படையாகக் கொண்ட ஊர்களில் ஒப்பந்தத்தில் எழுதிய வாடகையை அப்படியே ஏற்காதீர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், வருடம் 10 லட்சம், முதல் ஆறு மாதம் வாடகை இல்லை என்றால் உண்மையில் வருவது 45 லட்சம், ஆண்டுக்கு 9 லட்சம். உள் அலங்கார வேலைக்கான தொடக்கக் காலம் எப்படியும் கொடுப்பதுதானே என்று மதிப்பீட்டாளர் அதில் கொஞ்சத்தை ஏற்க மறுக்கலாம். மிச்சத்துக்கு வாதாடுங்கள்.

தேதிகள்

நல்ல வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மதிப்பீட்டுத் தேதியும் வரி ஆண்டும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பட்டியல் 2021 ஏப்ரல் 1 அன்றைய வாடகையை வைத்தது; 2026 ஏப்ரல் பட்டியலுக்கு 2024 ஏப்ரல் 1. டெக்சாஸில் ஜனவரி 1 நிலவரம்தான் கணக்கு. மார்ச்சில் பெரிய வாடகைதாரர் காலி செய்துவிட்டார் என்று அந்த ஆண்டு முறையீட்டில் சொல்லிப் பயனில்லை. ஜனவரி 1-க்கு முன்பே அவர் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்திருந்தால் கதை வேறு. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முறையீட்டுக்கான கெடு பல ஊர்களில் வாரக்கணக்கில்தான் இருக்கும். டெக்சாஸில் பொதுவாக மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. நோட்டீஸ் பழைய முகவரிக்கோ மாறிப்போன மேலாளரின் பெயருக்கோ போனது என்ற காரணம் அநேகமாக எடுபடாது. கட்டடம் வாங்கிய வாரத்திலேயே வரிப் பதிவில் பெயரையும் முகவரியையும் மாற்றுங்கள். கெடு நெருங்கிவிட்டால் ஒரு பக்க மனுவையாவது தாக்கல் செய்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆதாரங்களைப் பிறகு சேருங்கள்.

வருமான விவரம் கேட்டு வரும் படிவங்களையும் ஒதுக்கி வைக்காதீர்கள். நியூயார்க் நகரத்தில் வருமானம் ஈட்டும் கட்டடங்கள் ஜூன் 1-க்குள் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதம், முறையீட்டு விசாரணையே மறுக்கப்படும் ஆபத்தும் உண்டு.

முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் விடாதீர்கள். கட்டினால்தான் மனுவையே எடுப்போம் என்பது பல இடங்களில் விதி. கட்டி, ரசீதில் ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்தியது என்று குறிப்பிட வழி இருந்தால் குறிப்பிடுங்கள். ஜெயித்தால் திரும்ப வரும். கலிஃபோர்னியாவில் முதல் தவணை டிசம்பர் 10, இரண்டாவது ஏப்ரல் 10. தாண்டினால் 10% அபராதம். எந்த முறையீட்டு வெற்றியும் ஈடுசெய்யச் சிரமப்படும் செலவு அது.

வாங்கும்போது

விற்பவர் காட்டும் பழைய ரசீதை நம்பி அடுத்த ஆண்டுச் செலவைக் கணக்கிட வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆவது சட்டமுன்மொழிவுப்படி (Proposition 13) வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். கை மாறினால் அன்றைய சந்தை மதிப்புக்குத் தாவும். பல காலம் ஒருவர் கையில் இருந்த கட்டடமானால் வரி பல மடங்காகலாம். பத்திரம் எழுதாமல் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை: 50 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு மாறினால் அங்கே அதுவும் கைமாற்றம்தான். 35 ஆண்டோ அதற்கு மேலோ குத்தகைக்கு விட்டாலும் அப்படியே.

விலையில் அறைகலனும் இயந்திரமும் வணிகப் பெயரும் அடங்கியிருந்தால் எதற்கு எவ்வளவு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள். எழுதாவிட்டால் மொத்தமும் கட்டட விலை என்றுதான் பதிவாகும். விற்பவர் விட்டுப்போன பாக்கியும் பல சட்டங்களில் சொத்தைத்தான் பிடிக்கும், ஆளை அல்ல. நிலுவை இல்லை என்ற சான்று இல்லாமல் முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் வரி

வரியை யார் தாங்குவது என்பதை ஒப்பந்தத்தின் ஒரு பத்தி முடிவு செய்கிறது. தகராறு வருவது இரண்டு இடத்தில். ஒன்று, பங்கின் வகுஎண். வரி 12 லட்சம், வாடகைதாரருக்கு 4,000 சதுர அடி. மொத்தம் விடத்தக்க பரப்பான 20,000-ஆல் வகுத்தால் 20%, 2.4 லட்சம். வாடகைக்குப் போயிருக்கும் 16,000-ஆல் வகுத்தால் 25%, 3 லட்சம். காலியிடத்தின் வரியும் வாடகைதாரர் தலையில் விழுகிறது. ‘விடத்தக்க’, ‘விடப்பட்ட’ — ஒரு சொல்லில் 60,000 போகிறது.

இன்னொன்று, அடிப்படை ஆண்டு. அந்த ஆண்டு வரியை விடக் கூடுவதை மட்டும் பகிர்வோம் என்ற ஏற்பாடு. அடிப்படை ஆண்டில் 10 லட்சம், இப்போது 13 லட்சம் என்றால் 20% பங்குக்காரர் 60,000 கட்டுவார். உரிமையாளர் அடிப்படை ஆண்டு வரியை எதிர்த்து முறையிட்டு 8 லட்சமாகக் குறைத்துவிட்டால்? கூடுதல் 5 லட்சமாகி வாடகைதாரர் பங்கு 1 லட்சம் ஆகும். உரிமையாளர் ஜெயித்ததற்கு வாடகைதாரர் பணம் கட்டுகிறார். வாடகைதாரராக இருந்தால் அடிப்படைத் தொகை பின்னால் குறையக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். புதுக் கட்டடமானால், முழுமையாக மதிப்பிடப்பட்ட ஆண்டையே அடிப்படையாக வையுங்கள். பாதிக் கட்டடத்துக்கான வரி அடிப்படையானால் அடுத்த ஆண்டு ஏற்றம் மலையாக இருக்கும்.

வரி திரும்ப வந்தால் அது அந்தந்த ஆண்டில் கட்டிய வாடகைதாரருக்குச் சேருமா, காலி செய்தவருக்கும் உண்டா, வழக்குச் செலவை முதலில் கழிப்பதா என்பதையும் அதே பத்தியில் முடித்துவிடுங்கள்.

மனுவும் விசாரணையும்

போகும் முன் ஒரு முறை கட்டடத்தை எதிராளியின் கண்ணால் பாருங்கள். பதிவில் ஏறாத கூடுதல் தளம், கணக்கில் வராத மொட்டைமாடி விளம்பரப் பலகை, பதிவை விட அதிகமான பரப்பு ஏதாவது இருந்தால் முறையீடு அதைத் தோண்டி எடுத்துவிடும். பல இடங்களில் மதிப்பைக் கூட்டவும் விசாரிப்பவர்களுக்கு அதிகாரம் உண்டு.

பின்பு செலவுக் கணக்கு. எதிர்பார்க்கும் குறைப்பால் ஆண்டுக்கு மிச்சமாகும் வரியை, அடுத்த மறுமதிப்பீடு வரை உள்ள ஆண்டுகளால் பெருக்கி, மதிப்பீட்டாளர், வக்கீல் கட்டணங்களைக் கழியுங்கள். மிச்சத்தில் ஒரு பங்கு என்ற பேச்சில் வரும் ஆலோசகரானால், எத்தனை ஆண்டு மிச்சத்தில் பங்கு என்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவுத் தவறு மட்டும் என்றால் ஆலோசகரே வேண்டாம்.

கோப்பில் இருக்க வேண்டியவை: வாடகைதாரர், பரப்பு, வாடகை, முடிவுத் தேதி அடங்கிய பட்டியல், மூன்றாண்டு வரவுசெலவு, ஒப்பந்த நகல்கள், காலியாக இருந்த நாட்களுக்கு மின் கட்டணம் போன்ற சான்று, கூரைக் கசிவு, நின்றுபோன லிஃப்ட் போன்ற குறைகளுக்குத் தேதியிட்ட படமும் பழுதுச் செலவு மதிப்பீடும், ஒத்த கட்டடங்களின் விற்பனை, வாடகை. பக்கத்துக் கட்டடங்களின் வரிக்குரிய மதிப்பைச் சதுர அடிக்கு வகுத்து அட்டவணையாகவும் வையுங்கள். உங்கள் மதிப்பு சந்தைக்குச் சரியாகவே இருந்தாலும், ஒத்தவற்றை விட அதிகம் என்பதே டெக்சாஸ் போன்ற இடங்களில் தனி வாதம்.

விசாரணைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கி முதலில் கொடுங்கள். “வரி தாங்க முடியவில்லை”, “வியாபாரம் படுத்துவிட்டது” என்று தொடங்கினால் அந்த நிமிடங்கள் போச்சு. விசாரிப்பவர்கள் முன் உள்ள கேள்வி மதிப்பு மட்டும். உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்: “10 கோடி அல்ல, 8.42 கோடி; காரணம் இந்த வரிசையில்.” எண் சொல்லாதவருக்கு ஆறுதல் குறைப்புதான் கிடைக்கும். எதிர்த்தரப்பு எந்த ஒப்பீட்டுக் கட்டடங்களை எடுத்தது என்று முன்கூட்டியே கேட்டு வாங்கி நேரில் போய்ப் பாருங்கள். மூலைக் கடையை நடுக்கடையோடு ஒப்பிட்டிருப்பது நடந்து போனால்தான் தெரியும்.

உத்தரவு வந்த பின்னும் ஒரு வேலை இருக்கிறது. குறைந்த மதிப்பு அடுத்த ஆண்டு நோட்டீஸிலும் நிற்கிறதா என்று பாருங்கள். கணினிப் பதிவில் திருத்தாமல் பழைய பரப்பே மறுபடி வருவது உண்டு. கட்டடம் காலியாக இருக்கும் காலத்துக்குச் சலுகை தரும் ஊரானால் காலியான நாளிலேயே எழுத்தில் தெரிவியுங்கள். இங்கிலாந்தில் பொதுவாக மூன்று மாதமும் தொழிற்கூடம், கிடங்குகளுக்கு ஆறு மாதமும் காலிக் கட்டடத்துக்கு வரி இல்லை. நாள் எண்ணத் தொடங்குவது கட்டடம் காலியான தேதியிலிருந்து. வாடகைதாரர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.